ஒரு டெசி சீமென்ஸ் என்ன விலை?

கடல் நீர் 53. ஆஸ்பத்திரியில் கையில் ஏற்றும் சலைன் 16. மும்பை செம்பூரில் எங்கள் கட்டடத்தின் போர் தண்ணீர் 1.5. காலையில் மாநகராட்சிக் குழாயில் வருவது 0.1. நான்கும் ஒரே அலகில்தான்: மீட்டருக்கு இத்தனை டெசி சீமென்ஸ். மின்சாரம் ஒரு நீருக்குள் எவ்வளவு தடையில்லாமல் போகிறது என்பதன் கணக்கு இது. உப்பு கரைந்தால் அயனிகள் பிரியும், அயனிகள் பெருகினால் மின்சாரத்துக்கு வழி பெருகும். மண் பரிசோதனைச் சீட்டில் ‘இ.சி.’ என்று ஒரு கட்டம் இருக்குமே, அதுதான்.

சமையலறையில் சரிபார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் கல்லுப்பு கரைத்தால் ஏறத்தாழ 2 வரும். சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அதனால் 16. கணக்குப்படி 18 வரவேண்டாமா என்று கேட்டால், உப்பு ஏற ஏற அயனிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், எண் கொஞ்சம் பின்தங்கும். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் சோடியம் குளோரைடு மட்டும் இருப்பதில்லை, சுண்ணாம்பு, மெக்னீசியம், சல்பேட் எல்லாம் கலந்து கிடக்கும். அந்தக் கலவைக்கு 1 டெசி சீமென்ஸ் என்றால் லிட்டருக்கு 640 மில்லிகிராம் உப்பு என்பது வழக்கமான மாற்று. கடையில் விற்கும் டி.டி.எஸ். பேனா இந்த 640-ஐப் பெரும்பாலும் மதிப்பதில்லை. ஒரு கம்பெனிப் பேனா 500-ஆல் பெருக்கும், இன்னொன்று 700-ஆல். அதே தண்ணீர் பக்கத்து வீட்டில் 500, நம் வீட்டில் 700. இதற்காக ஆர்.ஓ. இயந்திரம் மாற்றியவர்கள் உண்டு.

மண்ணுக்கு எல்லைக்கோடு 4. அமெரிக்காவின் ரிவர்சைடு உப்பு ஆய்வகம் 1954-இல் வெளியிட்ட 60-ஆம் எண் கையேட்டிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய எண் இது. 4-க்கு மேல் போனால் உவர் மண். ஆனால் அந்த 4, மண்ணில் கம்பியைக் குத்திப் பார்த்த எண் அல்ல. மண்ணை வாலை நீர் விட்டுப் பளபளக்கும் பசையாகப் பிசைந்து, ஊறவைத்து, உறிஞ்சி எடுத்த நீரில் பார்த்த எண். ஒரு மாதிரிக்கு ஒரு நாள் போய்விடும் என்பதால் நம் ஊர்ப் பரிசோதனைக் கூடங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கி எண் எடுக்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஐந்து பங்கு. தண்ணீர் கூடினால் எண் குறையும். ஐந்து பங்கில் எடுத்த எண்ணைக் கையேட்டு எண்ணாக்க, கனத்த களிமண் என்றால் 5.8-ஆல் பெருக்க வேண்டும், மணல் கலந்த வண்டல் என்றால் 13.8-ஆல். ஆக, ‘என் மண்ணில் இ.சி. 0.5’ என்று யாராவது சொன்னால், எத்தனை பங்கு தண்ணீரில், எந்த மண்ணில் என்று கேட்காமல் தலையாட்டக் கூடாது. 0.5 என்பது களிமண்ணில் 2.9, மணற்பாங்கில் 6.9.

என் நோட்டின் முதல் பக்கத்துக்கு வருகிறேன். மாடியில் 14 தொட்டிகள்: கறிவேப்பிலை, மல்லி, அவரை, கொஞ்சம் கீரை. கறிவேப்பிலையின் இலை நுனி மார்ச் மாதம் கருகத் தொடங்கியது. மாட்டுங்காவில் பூக்கடைக்குப் பின்னால் செடி விற்பவர் ‘எரு போடுங்க’ என்றார், போட்டேன், இன்னும் கருகியது. அப்புறம்தான் மின்னணுக் கடைகள் இருக்கும் லாமிங்டன் சாலைக்குப் போனேன்.

மண்ணில் குத்தும் மூன்று எஃகுக் கால் கோல், ஈரம், வெப்பம், இ.சி. எல்லாம் காட்டும் என்று சொல்லப்பட்டது: 4,600 ரூபாய். அதைப் படிக்க ஒரு சிறிய மின்பலகை, இணைப்பான், மின்கலம், டப்பா: 1,150. தண்ணீருக்கு ஒரு பேனா: 350. பொட்டாசியம் குளோரைடு அரைக் கிலோ, பிரின்சஸ் தெருவில்: 480. வாலை நீர் 5 லிட்டர்: 150. 0.01 கிராம் காட்டும் கைத்தராசு: 370. கூட்டினால் 7,100. வெளிநாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் குத்திவைக்கும் கோல் சுங்கம் வரியெல்லாம் சேர்ந்து ஒன்றே இருபதாயிரத்தைத் தாண்டும். அதோடு ஒப்பிட்டு மலிவு என்று மகிழ்ந்தேன்.

வாரம் ஒரு முறை, 14 தொட்டி, அக்டோபரிலிருந்து மே வரை 32 வாரம். 448 எண்கள். ஒரு எண்ணுக்கு 16 ரூபாய்கூட ஆகவில்லை. ஆனால் முதல் 11 வாரத்து எண்கள் 154-ஐயும் பிறகு அடித்துவிட்டேன். மிச்சம் 294. இப்போது எண்ணுக்கு 24 ரூபாய். அடித்ததற்குக் காரணம் இரண்டு. முதலாவது எளியது, இரண்டாவதைத்தான் இந்தத் தொழிலின் முழுச் சிக்கல் என்று நினைக்கிறேன்.

எளியது இது. ஒரு லிட்டர் வாலை நீரில் 0.7456 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்தால் 25 டிகிரி வெப்பத்தில் 1.413 காட்ட வேண்டும். உலகத்தின் எல்லா ஆய்வகமும் ஒத்துக்கொண்ட எண். என் தராசில் 0.75 என்றுதான் நிறுக்க முடியும், நூற்றுக்கு ஒன்றுக்குள் பிழை, போகட்டும். அரைக் கிலோ டப்பாவில் இப்படி 670 லிட்டர் கரைக்கலாம், பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் காணும். என் கோல் அந்தத் தண்ணீரில் 1.13 காட்டியது. வாங்கிய நாளிலிருந்து எல்லாவற்றையும் 1.25-ஆல் பெருக்கியிருக்க வேண்டும், நான் பெருக்கவில்லை. இதோடு வெப்பம். ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் எண் ஏறும். மே மாத மாடியில் பிற்பகல் தொட்டி மண் 38 டிகிரி இருக்கும், 13 டிகிரி கூடுதல், 26 சதவீதம் பொய். சில கோல்கள் தாமே 25-க்குத் திருத்திக்கொள்ளும், சில திருத்தாது. என்னுடையதன் கையேட்டில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஃபிரிட்ஜில் வைத்த கரைசலையும் வெயிலில் வைத்த கரைசலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தேன். திருத்துவதில்லை.

இரண்டாவது காரணம். ஊர் போய்த் திரும்பிய ஒரு வாரம் தொட்டிகள் காய்ந்து கிடந்தன. கறிவேப்பிலைத் தொட்டியில் கோல் 0.5 காட்டியது. போன வாரம் 1.0. உப்பு பாதியாகிவிட்டதே என்று நோட்டில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். எண் மறுபடி 1.0. தண்ணீர் ஊற்றினால் உப்பு கூடுமா? கூடாது. தண்ணீர் வற்றினால் உப்பு போகுமா? எங்கே போகும், தொட்டியில்தான் இருக்கிறது.

மின்சாரம் மண்ணில் போவது தண்ணீர் வழியாக. தண்ணீர் பாதியானால் வழி பாதியடைபடும். மிச்சமிருக்கும் தண்ணீரில் உப்பு இரட்டிப்பாகச் செறிந்திருந்தாலும், பாதை குறுகிவிட்டதால் எண் ஏறாது, இறங்கவும் செய்யும். வேருக்குத் தெரிவது செறிவு. கோலுக்குத் தெரிவது பாதை. நெதர்லாந்தின் ஹில்ஹோர்ஸ்ட் 2000-ஆம் ஆண்டு இதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். மின்புலத்தில் ஒரு பொருள் மின்னாற்றலை எவ்வளவு தேக்கும் என்பதற்கான எண் விடுதிறன். தண்ணீரின் ஒப்புமை விடுதிறன் 80, காய்ந்த மண்ணுடையது நான்கைந்து, ஈரமண் நடுவில். அந்த விடுதிறனைக் கோலே அளந்துவிடும். கோல் காட்டும் இ.சி.-யை 80-ஆல் பெருக்கி, மண்ணின் விடுதிறனிலிருந்து 4.1-ஐக் கழித்து வருவதால் வகுத்தால், மண்துளைக்குள் இருக்கும் தண்ணீரின் இ.சி. கிடைக்கும். ஈரத் தொட்டிக்குப் போட்டேன்: விடுதிறன் 30, கோல் எண் 1.0, விடை 3.1. காய்ந்த தொட்டி: விடுதிறன் 12, கோல் எண் 0.5, விடை 5.1. கோல் பாதியாகிவிட்டது என்று சொன்ன வாரத்தில் கறிவேப்பிலை ஒன்றரை மடங்குக்கு மேல் உப்புத் தண்ணீர் குடித்திருக்கிறது. மிகக் காய்ந்த மண்ணில் இந்தச் சூத்திரமும் கைவிடும் என்பதால் நான் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன்: தண்ணீர் ஊற்றி, வடிந்து, மறுநாள் காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன் குத்துவது. ஒரே ஈரம், ஒரே வெப்பம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, தூக்கம் அரைமணி.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதே கோலை இன்னும் கொஞ்சம் விலை கூட்டி ‘செவன் இன் ஒன்’ என்று விற்கிறார்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் மில்லிகிராம் கணக்கில் திரையில் ஓடும். எஃகுக் கம்பியில் ஓடும் மின்சாரத்துக்கு எந்த அயனி வந்தது என்று பெயர் தெரியாது. இ.சி. எண்ணை எடுத்து மூன்று எண்களால் பெருக்கி மூன்று பெயர் வைத்துக் காட்டுவதுதான் அது. கல்லுப்புத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், பொட்டாசியம் ஏறும்.

இனி அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்ற கணக்கு. போர் தண்ணீர் 1.5 என்றால் லிட்டருக்கு 0.96 கிராம். பெரிய தொட்டிக்கு நாளுக்கு 2 லிட்டர். மழையில்லாத எட்டு மாதம், 240 நாள், 480 லிட்டர். உப்பு 461 கிராம். அடியில் வடியாமல் அளவாக ஊற்றிச் சிக்கனம் பிடித்தால் அரைக் கிலோ உப்பைக் கறிவேப்பிலைத் தொட்டியில் கொட்டியதற்குச் சமம். அதே 480 லிட்டர் குழாய்த் தண்ணீராக இருந்திருந்தால் 31 கிராம்.

வழி? தொட்டிக் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் ஊற்றி அடிவழியே வடியவிடுவது. 20 லிட்டர் தொட்டிக்கு 40 லிட்டர், 14 தொட்டிக்கு 560 லிட்டர். குடிசைப் பகுதிக்கு மாநகராட்சி வகுத்திருக்கும் அளவு தலைக்கு 45 லிட்டர். தாராவியில் பன்னிரண்டு பேரின் ஒரு நாள் தண்ணீரை என் மாடியில் உப்புக் கழுவக் கொட்ட வேண்டும். எழுதிப் பார்த்த பிறகு கை வரவில்லை. மும்பையின் பருவமழை சுமார் 2,300 மில்லிமீட்டர். தொட்டியின் வாயகலம் 30 சென்டிமீட்டர் என்றால் அதற்குள் விழுவது 162 லிட்டர், தொட்டியைப் போல எட்டு மடங்கு. சும்மா கிடைக்கிறது. ஜூன் வரை பொறுத்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கதையைத் தாராவி 90 அடி சாலையில் ஒரு அண்ணாச்சியிடம் சொன்னேன். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் இளவயதில் வேலை பார்த்தவர், தோல் பட்டறை வேலைக்கு இங்கே வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பையிலிருந்து கோலை எடுத்துக் காட்டினேன்.

“எத்தன டிகிரி வரைக்கும் பாக்கும்?”

இருபது வரைக்கும் என்றேன். அது வேறு இருபது என்று சொல்வதற்குள் அவர் சிரித்துவிட்டார். “இருபது ஆவாதுய்யா. இருபத்தஞ்சுலதான உப்பே வுழும்.”

அவர் சொன்னது கண்ணாடி மிதவையில் பார்க்கும் போமே டிகிரி. கடல் நீர் மூன்று, மூன்றரையில் உள்ளே வரும். பாத்தி பாத்தியாக வெயிலில் ஏறி, இருபத்தைந்தைத் தொடும்போது உப்பு இறங்கத் தொடங்கும். அப்போது பத்து லிட்டர் கடல் நீர் ஒரு லிட்டராகச் சுருங்கியிருக்கும். இருபத்தொன்பது, முப்பதில் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மெக்னீசியக் கசப்பு உப்பில் ஏறிவிடும். என் மாடிக் கோலை அந்தப் பாத்தியில் விட்டால் முதல் நொடியிலேயே உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். 20-க்கு மேல் அதற்கு எண்ணே கிடையாது. வேடிக்கை என்னவென்றால் விலையுயர்ந்த மின்கருவியும் அங்கே மிதவையிடம் தோற்கும். கடல் நீரிலிருந்து செறிந்த உப்புநீருக்குப் போகும்போது உப்பு ஒன்பது மடங்கு கூடுகிறது. இ.சி.-யோ 53-லிருந்து 250 வரை, ஐந்து மடங்குகூட ஏறுவதில்லை. அடர்த்தியைப் பார்க்கும் மிதவை சீராக ஏறும். உப்பளம் மின்கோலை வாங்காததற்கு ஏழ்மை காரணமில்லை.

தாராவிக்காரர்களுக்கு உப்பளம் பழைய ஊர்க்கதை மட்டுமாக இனி இருக்கப்போவதில்லை. தாராவி மறுசீரமைப்பின் பகுதியாக வாடகை வீடுகள் கட்ட, மும்பையின் கிழக்குக் கரையில் மூன்று உப்பள நிலங்களை மாநிலத்துக்கு மாற்ற 2024-இல் மத்திய அரசு ஒப்புக்கொண்டது. காஞ்சூர்மார்கில் ஆர்தர் உப்பளம் 120.5 ஏக்கர், காஞ்சூர்மார்க் - பாண்டுப்பில் ஜென்கின்ஸ் உப்பளம் 76.9, முலுண்டில் ஜமாஸ்ப் உப்பளம் 58.5. கூட்டினால் 255.9 ஏக்கர், 103.6 ஹெக்டேர். கட்டலாமா கூடாதா என்ற வழக்கும் வாதமும் வேறு. இத்தனை நிலத்தின் உப்பை அளக்க என்ன ஆகும் என்பது என் கணக்கு.

மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்துக்கு இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி. அந்தக் கணக்கில் 42 மாதிரி போதும், ஒரு பகலில் முடியும். உப்பு அப்படி ஒழுங்காகப் படுத்திருப்பதில்லை. வரப்பில் ஒன்று, பாத்தியின் நடுவில் ஒன்று, பழைய வாய்க்கால் ஓரத்தில் இன்னொன்று. இருபது மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தால் 2,589 புள்ளிகள். இரண்டு ஆழத்தில் எடுத்தால் 5,178 மாதிரிகள். ஒன்றுக்கு அரைக் கிலோ என்றால் 2.6 டன் மண்ணைத் தோளில் சுமக்க வேண்டும். கலக்க 259 லிட்டர் வாலை நீர். மாதிரிக்கு 300 ரூபாய் என்று வைத்தால் 15 லட்சத்து 53 ஆயிரம்.

இதைக் குறைக்கத்தான் மண்ணைத் தொடாமல் அளக்கும் கருவி வந்தது. கனடாவின் ஜியோனிக்ஸ் செய்யும் இ.எம்.38: ஒரு மீட்டர் நீளக் கட்டை, இரு முனையிலும் கம்பிச் சுருள். ஒரு சுருள் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும், மண்ணில் சிறிய மின்னோட்டம் சுழலும், மறு சுருள் அதைக் கேட்கும். நிமிர்த்திப் பிடித்தால் ஒன்றரை மீட்டர் ஆழம், சாய்த்தால் முக்கால் மீட்டர். விலை பல லட்சம். ஆனால் பத்து மீட்டர் இடைவெளியில் நடந்தால் 255.9 ஏக்கருக்கு 104 கிலோமீட்டர் நடை, மணிக்கு நாலு கிலோமீட்டர் என்றால் 26 மணி நேரம், மூன்று நாலு நாள். பிறகு அந்த வரைபடத்தைப் பார்த்து, உப்பு கூடிய இடம், குறைந்த இடம், நடுவான இடம் என்று 20 இடம் மட்டும் தோண்டி, நான்கு ஆழத்தில் 80 மாதிரி. பரிசோதனைச் செலவு 24,000. ரிவர்சைடு ஆய்வகம் வகுத்த முறை இது: 6, 12 அல்லது 20 இடம் தோண்டினால் போதும், ஆனால் தோண்டியே ஆக வேண்டும். 104 கிலோமீட்டர் நடந்து சேர்த்த எண்களுக்கு அந்த 80 பொட்டலம் மண்தான் பொருள் தருகிறது.

மும்பையில் இதற்கு இரண்டு தடை. ஒன்று, இ.எம்.38-இன் உச்ச அளவு டெசி சீமென்ஸில் 10. அதற்கு முன்பே, உப்பு மிகுந்த மண்ணில் அது குறைத்துக் காட்டத் தொடங்கும். கடல் நீர் ஊறிய பாத்தி அதன் எல்லைக்கு அப்பால். வயலுக்குச் செய்த கருவியை உப்பளத்தில் நம்ப முடியாது. இரண்டு, இரும்பு. வேலிக் கம்பி, புதைந்த கேபிள், தண்டவாளம் எதன் பக்கத்திலும் அது உளறும். தாராவி மேற்கு ரயில் பாதைக்கும் மத்திய ரயில் பாதைக்கும் இடையில் கிடக்கிறது. மாட்டுங்காவுக்கு இரு பாதையிலும் இரண்டு ஸ்டேஷன். தலைக்கு மேல் 25,000 வோல்ட். அந்த ஓரங்களில் கீரை போடுகிறவர்களின் மண்ணை இ.எம்.38 கொண்டு அளப்பது ஆகாத வேலை.

அங்கே உதவக்கூடியது ஒரு பழைய கருவி. ஏறக்குறைய எல்லா எலெக்ட்ரிக் கான்டிராக்டரிடமும் இருக்கும் எர்த் டெஸ்டர், நாலு முனை உள்ளது, பத்தாயிரம் ரூபாயை ஒட்டி. கட்டடத்துக்கு எர்த் பிட் போடுமுன் மண்ணின் மின்தடையைப் பார்க்கிறார்களே, அதே. அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்தின் ஃபிராங்க் வென்னர் 1915-இல் சொன்ன முறை: நாலு கம்பியை ஒரே நேர்க்கோட்டில் சம இடைவெளியில் அடித்து, வெளி இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தம் பார்ப்பது. இடைவெளி ஒரு மீட்டர் என்றால், காட்டும் ஓமை 6.28-ஆல் பெருக்கினால் மண்ணின் மின்தடை எண். 0.8 ஓம் காட்டினால் 5 ஓம்-மீட்டர். 10-ஐ அதால் வகுத்தால் 2 டெசி சீமென்ஸ். ரிவர்சைடில் ரோட்ஸ் என்பவர் 1971-இல் இந்த முறையை உப்பு நிலத்துக்குக் கொண்டுவந்தார்.

எங்கள் சொசைட்டியின் எர்த் பிட்டைச் சோதிக்க வந்தவரை நிறுத்தி, தோட்டத்தில் நாலு கம்பி அடிக்கச் சொன்னேன். “என்ன சார், தோட்டத்துக்கு எர்த்தா?” என்றார். உப்பு பார்க்க என்றேன். “உப்பு இருந்தா எங்களுக்கு நல்லது சார். இல்லன்னாதான் மூட்டையில வாங்கிப் போடுறோம்.” உண்மைதான். கரியும் உப்பும் அடுக்கடுக்காகக் கொட்டி மண்ணின் மின்தடையைக் குறைப்பது அவர் தொழில். நான் குறையாகக் கணக்கெழுதும் எண் அவர் பில்லில் வரவு. மூன்றாமவர் ஒருவர் உண்டு, அவருக்கு இது ஆபத்து: 10 ஓம்-மீட்டருக்குக் கீழே போனால் புதைந்த இரும்பை வேகமாகத் தின்னும் மண் என்று அரிப்புப் பொறியாளர்கள் கொள்வார்கள். 10 ஓம்-மீட்டர் என்பது நம் கணக்கில் சரியாக 1 டெசி சீமென்ஸ். அந்த மூன்று உப்பளத்தில் அஸ்திவாரம் போடப்போகிறவர்கள் பார்க்க வேண்டிய எண் இதுதான், உவர் மண்ணுக்கான 4 அல்ல. கம்பி போட்ட கான்கிரீட்டில் கனமீட்டருக்குக் குளோரைடு 0.6 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநூல் 456. அந்த மண்ணின் முதல் 30 சென்டிமீட்டரில் பாதி இடம் கடல் நீரால் நிரம்பியிருப்பதாக வைத்தால் ஏக்கருக்கு 21 டன் உப்பு, 255.9 ஏக்கருக்கு 5,400 டன். பத்து டன் லாரி என்றால் 540 நடை. இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது, “வெளைய வச்ச நெலத்துல வாராமக் கெடக்கா?” என்றார்.

வேளாண்மைக்குத் திரும்பினால், எண்ணுக்கு எத்தனை விளைச்சல் என்பதை 1977-இல் மாஸ், ஹாஃப்மன் இருவரும் அட்டவணையாக்கினார்கள். நெல் 3 வரை தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் 12 சதவீதம் போகும். பீன்ஸ் 1 வரைதான், பிறகு எண்ணுக்கு 19. மண் 6-இல் இருந்தால் நெல் 64 சதவீதம் விளையும், பீன்ஸ் 5 சதவீதம். என் அவரை ஏன் பூவோடு நின்றது என்று அங்கே விளங்கியது. அட்டவணையில் ஸ்பினாச் 2 என்று இருக்கிறது. அதைப் பார்த்து ரயில்பாதைப் பாலக்குக்கு யாரும் கணக்குப் போட வேண்டாம், நம் பாலக் ஸ்பினாச்சே அல்ல, பீட்ரூட் இனம். பீட்ரூட் 4 வரை தாங்கும். மும்பையின் உப்புக் கழி ஓரத்தில் கீரைக்காரர்கள் பாலக்கைப் பிடித்துக்கொண்டதற்குக் கருவி தேவைப்படவில்லை.

கொங்கணக் கரையில் கடல் ஏறும் நிலத்துக்கு ‘கார்’ நிலம் என்று பெயர். அதற்கென்றே பன்வேலில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பன்வேல் 1, 2, 3 என்று உப்பு தாங்கும் நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. மழையில் உப்பு கீழிறங்கும்போது நெல், கோடையில் மேலேறும்போது நிலம் சும்மா. ஜூலையில் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை கோலைக் குத்தினால் ஒரே வயலில் இரண்டு வேறு நிலம் தெரியும். ஒரு தேதியில் எடுத்த உப்பு வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதில் பொருளில்லை.

ஊரில் வயல் வைத்திருக்கும் மும்பைத் தமிழர்கள் இந்தக் கோலை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகுமுன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். கர்னாலில் 1969-இல் தொடங்கிய மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் நாட்டில் கெட்ட நிலம் 67.3 லட்சம் ஹெக்டேர். மகாராஷ்டிரத்தில் 6.07 லட்சம், அதில் உவர் 1.84 லட்சம், மிச்சம் களர். தமிழ்நாட்டில் மொத்தம் 3.68 லட்சம், உவர் வெறும் 13 ஆயிரம். நூற்றில் 96 பங்கு களர். உவரும் களரும் ஒன்றல்ல என்பது மண்வெட்டி பிடித்தவர்களுக்குத் தெரியும். உவர் பூக்கும், வெள்ளையாக. களர் இறுகும், தண்ணீர் மேலேயே நிற்கும். களரில் உப்பின் அளவு குறைவு, சோடியத்தின் பங்கு அதிகம், பி.எச். 8.5-ஐத் தாண்டும். இ.சி. 4-க்குள்தான் இருக்கும். மின்கோலைக் குத்தினால் ‘நல்ல மண்’ என்று சொல்லும். தமிழ்நாட்டின் கெட்ட நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு முறை அது அப்படித் தப்பாகச் சொல்ல இடமிருக்கிறது. அங்கே இ.சி. கோலோடு பி.எச். பார்க்கும் தாளும் வேண்டும், தாள்தான் முதலில் வேண்டும். அதன் விலை நூறு, இருநூறு ரூபாய்.

மாடிக்கு வந்த மழை: மே 28 அன்று கறிவேப்பிலைத் தொட்டியின் துளைநீர் கணக்கு 5.1. ஜூன் 20-இல் 2.2. ஜூலை 11-இல் 0.8, புதுத் தளிர் நாலு. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எண் இல்லை. கோலின் கேபிளை எலி கடித்துவிட்டது. புதுக் கேபிள் 140 ரூபாய். மொத்தம் 7,240.